நவரத்தினத்தாரின் வயதும் ஒரு முழங்காலும்

இது நடந்த கதை. சத்தியம். சரிவின் உயரத்தில் மட்டும் இரண்டு பனைமரம் கூட்டியிருக்கிறேன். முழங்காலில் நான் கை வைக்கவில்லை, அது தானாகத்தான் பிய்ந்தது.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் நவரத்தினத்துக்கு உண்மையில் வயது ஐம்பத்தாறு. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டில் நாற்பத்தெட்டு. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை, பென்சன், கலியாணச் சாதகம் எல்லாம் பாஸ்போர்ட் வயதில்தான் ஓடின. மனைவி நகுலேஸ்வரிக்குத் தெரிந்தால் குடி முழுகும் என்று இருபது வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சுவிஸிலிருந்து வந்த மச்சான் ரதீசன் இருவரையும் லண்டனுக்கு வெளியே, கூரைக்குள் பனி கொட்டிய சறுக்கு மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். சறுக்குக்கட்டை கொடுக்கும் பெண் நிறையும் வயதும் கேட்டாள். பக்கத்தில் மனைவி. "நாற்பத்தெட்டு" என்றார். முன்பு சறுக்கியதுண்டா? "நிறைய" என்றார். அதுவரை அவர் தொட்ட பனி மீன்பெட்டி ஐஸ்தான்.

நாலு பனை உயரச் சரிவில் விட்டார்கள். விமானமே வெட்கப்படும் வேகம்! விழுந்தபோது உடம்பு கிழக்கே திரும்பியது, கட்டை மேற்கே நின்றது. சப்பாத்தைப் பிடித்த கொளுவி கழலவேயில்லை. முழங்காலுக்குள் 'டப்'.

ஓடிவந்த பணியாளன் கொளுவியைப் பார்த்தான். ஐம்பது தாண்டியவர்களுக்கு அதைத் தளர்த்தித்தான் போடுவார்களாம், விழுந்தால் கழலட்டும் என்று. பழக்கமில்லாதவர்களுக்கும் அப்படித்தானாம்.

"ஐயோ, எனக்கு ஐம்பத்தாறடா!"

நகுலேஸ்வரி வாய் திறந்தபடி நின்றாள். அம்புலன்ஸ் வரும்வரை அது மூடவில்லை.

மறுநாள் வரவேற்பறை நிறையச் சனம். காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு நவரத்தினம் கண்ணை மூடிக் கிடந்தார். நகுலேஸ்வரி முழுக்கதையும் சொல்லிவிட்டு, சாதகம் பொருத்திய பரமேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"பத்துக்கு ஒன்பது பொருத்தம் எண்டீங்களே அண்ணை, ஆருக்கும் ஆருக்கும்?"

"தங்கச்சி, தந்த திகதிக்குத்தானே நான் பார்த்தனான்!"

"அப்ப நான் இருபது வருசம் ஆரோடை குடும்பம் நடத்தினனான்?"

"பாஸ்போர்ட்டோடைதான்," என்றாள் பக்கத்து வீட்டு மேரிசாந்தி.

"அதை விடு அக்கா, வயசைச் சரியாச் சொல்லியிருந்தா கால் தப்பியிருக்கும்," என்றான் ரதீசன்.

"கூட்டிக்கொண்டு போனவன் நீ, கதையாதை! சாதகம் பார்த்தவரும் இதிலை கூட்டுத்தான்!" என்றாள் நகுலேஸ்வரி.

"என்னைக் கள்ளன் எண்டுறியளோ?" பரமேஸ்வரன் துள்ளி எழுந்தார்.

"ஓம், எண்டுறம்!" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கிளம்பின.