என் சுவரில் ஒட்டிய நோட்டீஸ்

ஐந்தாவது வரைதான் படித்தேன். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதிர்காமத்தில் வீட்டு முன்பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் என் சுவரில் அரசாங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் 'குடியிருப்பு மனை', 'கடை', 'முப்பது நாள்' என்பது மட்டும் புரிந்தது. வீட்டில் கடை வைத்தது தப்பு, காலி செய்யச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். வந்த சைக்கிள்களைத் திருப்பி அனுப்பினேன். இருபத்தெட்டாம் நாள் சாமான்களை மூட்டை கட்டினேன்.

எதிர்வீட்டு பாத்திமா அக்கா, "என்னா தம்பி, கடைய எங்க தூக்கினு போற?" என்றார். நோட்டீசைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது பக்கத்து காலி மனைக்குப்பா. அங்க பெரிய கடை கட்டப் போறாங்களாம். ஆட்சேபணை இருந்தா நம்மள சொல்லச் சொல்றாங்க. அங்க சுவரே இல்லியே, அதான் ஒன் சுவத்துல ஒட்டிட்டாங்க."

உடனே மூட்டையை அவிழ்த்தேன். ஆனால் அந்தக் கடை வந்தால் எனக்கு வேலை கூடுமா, வண்டிகள் நின்று என் கடை மறைந்துபோகுமா? யோசித்து முடிப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. இன்னும் குழப்பம் தீரவில்லை.

இப்போது சுவரில் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டு, கடைசி வரி வரை படிக்கச் சொல்கிறேன்.

எழுதிய நாள்: ஆகஸ்ட் 16, கடைக்கு லீவு.