பஞ்சுவின் முடியை வெட்டிய நாள்

புதுக்கடைச் சந்தையில் யாரோ விட்டுப்போன சடைநாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சு என்று பெயர் வைத்தது நான்தான். உண்ணி இருக்குமோ, சொறி வருமோ என்று பயந்து பயந்து நான் சீவினால், சிக்கில் சீப்பு மாட்டி அது கத்தும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் சீவினாலோ, அவள் மடியில் கண்மூடிக் கிடக்கும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, நாய்க்குக்கூடப் படித்தவளைத்தான் பிடிக்கிறது என்று வயிறு எரிந்தது.

ஒரு நாள், இனி அவள் சீவ எதுவுமே இருக்கக் கூடாது என்று கத்தரிக்கோலை எடுத்து முடி முழுவதையும் ஒட்ட வெட்டிவிட்டேன்.

சாயங்காலம் சீப்போடு வந்தவள் திகைத்துப்போனாள். "ஏட்டி, என்னத்துக்கு வெட்டுன?"

"சொறி வந்திருமோன்னு பயமா இருந்துச்சு" என்று பொய் சொன்னேன்.

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல!" என்று சிரித்தாள்.

மறுநாள் பழைய பருத்திச் சேலையில் சின்னதாக ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். "வெயிலு தோலுல படக் கூடாது. நீயே போட்டு விடு மக்கா, உன் நாயாக்கும்."

அவள் முகத்தைப் பார்க்காமலே அதை மாட்டிவிட்டேன்.

முடி இப்போது வளர்ந்துவிட்டது. உண்மையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் மடியில் பஞ்சு கண்மூடும்போது இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் அதைப் பிடித்து இழுக்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.