ஐந்தரைக் கட்டைச் சத்தியம்

டார்ப்லி வீட்டில் வாயில் வரக் கூடாத சொற்கள் மூன்று இருந்தன. முதல் இரண்டும் எந்த வீட்டிலும் வரக் கூடாதவைதான். மூன்றாவது சொல், களைப்பு.

அப்பா ஏமஸ் டார்ப்லி மிசிசிப்பியில் பருத்தி பொறுக்கி முதுகு வளைந்து, அது போதாதென்று சிகாகோவுக்கு ரயிலேறி வந்து மாடு அறுக்கும் ஆலையில் நின்றபடியே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த மனுஷன். மாலை வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டு மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்துவார். மூத்தவன் லூஷியஸ், நடுவில் வெர்லீன், கடைக்குட்டி ஓடெல்லா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட வேண்டிய பாட்டைத் தினமும் ஒத்திகை பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார். யார் வாயிலாவது களைப்பு என்ற சொல் வந்தால், சொன்னவர் மட்டுமல்ல, மூன்று பேரும் பாட்டை முதலிலிருந்து பாட வேண்டும்.

ஓடெல்லா ஆறு வயதில் ஒரே ஒரு தடவை சொன்னாள். “களைப்பா இருக்குப்பா” என்றாள், பாவம். அன்று லூஷியஸுக்குக் காய்ச்சல். உதடு வெடித்துப் போய் அவனும் முதலிலிருந்து பாடினான். பாடி முடித்து அவன் தரையில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகு, தங்கைகள் இருவரும் அந்தச் சொல்லை அடியோடு விட்டுவிட்டார்கள். அடிக்குப் பயந்து அல்ல, ஒருத்தி சொன்னால் மற்ற இருவருக்கும் தண்டனை என்பதால்.

வெர்லீனுக்குத்தான் குரல். எட்டு வயதுக் குழந்தை வாயைத் திறந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய பெரிய தொப்பி வைத்த அம்மாமார்கள் விசிறியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். யாரும் அவளுக்கு ராகம் தாளம் என்று எழுதிச் சொல்லிக் கொடுத்ததில்லை. சுருதிக்குப் பெயர் உண்டு என்பதே அவளுக்கு வெகுநாள் தெரியாது. அவள் எடுப்பாள், ஆர்கன் பின்னாலேயே வந்து அவளைக் கண்டுபிடிக்கும். எங்கள் கோயிலில் அப்படித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் ஒருவன் வந்தான். தேவனைப் பாடிய அதே வாய், ஓடிப்போன புருஷனைப் பாடியது. ‘உன் சட்டை ஆணியிலே’ என்று பாட்டு. பாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா நாலு மாதம் பேசவில்லை. ஐந்தாவது மாதம் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே, “அந்த மூணாவது அடியில மூச்சை எங்கடி எடுக்கற?” என்று கேட்டார். சமாதானம் ஆகிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அந்த ஒரு பாட்டுத்தான் ஓடியது. ஓடியதென்றால் சும்மா இல்லை, நாட்டில் ஒரு ரேடியோ பாக்கி இல்லை. கடைசி அடியில் ‘திரும்பி வாயேன்’ என்று ஓர் ஏற்றம் வரும். அந்த உச்சியை வெர்லீன் எட்டுகிற இடத்தில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஏழெட்டுத் தட்டுகள் போட்டார்கள். ஒன்றும் தேறவில்லை. ஆனாலும் அந்த ஒற்றைப் பாட்டை வைத்துக்கொண்டு டார்ப்லி குடும்பம் முப்பத்தேழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியது. லூஷியஸ் பேஸ் கிதார், வண்டி ஓட்டுவதும் அவர்தான். ஓடெல்லா பின்பாட்டு. சித்தப்பா மகன் எல்பர்ட் ஆர்கன். தொடக்கத்தில் தெற்கே கறுப்பர்களுக்குப் படுக்க விடுதி கிடைக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்து தூங்கினார்கள். பிற்பாடு எல்லா விடுதியிலும் இடம் கிடைத்தது, ஆனால் தூக்கம்தான் வரவில்லை. மினுக்குப் பாவாடையை இஸ்திரி போடுவது, உப்புநீரில் கொப்பளிப்பது, முழங்காலுக்கு மருந்து தடவுவது, பாடுவது, மறுபடி வண்டி. எழுதினால் இவ்வளவுதான் வருகிறது. வாழ்ந்து பார்த்தவளுக்கல்லவா தெரியும்!

எண்பத்தொன்பதில் ஒரு கச்சேரியில், தனக்கு முன்னால் பாடிய கிழவி ஒருத்தி குரல் எட்டாமல் திணறியதை வெர்லீன் பார்த்தாள். கூட்டம் இரக்கப்பட்டுக் கைதட்டியது. அந்த இரக்கம் அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு சபை முன்னால் எழுந்து நின்று, “என் பாட்டை நான் தட்டுல பாடின அதே சுருதியில என்னிக்கு என்னால பாட முடியலையோ, அன்னிக்கு நான் உட்கார்ந்துடுவேன். கடவுள் சாட்சி” என்று சொல்லிவிட்டாள். சபை ஆமென் போட்டது. எல்பர்ட் ஆர்கனில் அந்தச் சுருதியை வாசித்தே காட்டினான். ஐந்தரைக் கட்டை.

உண்மையைச் சொன்னால், அப்போதே அவளுக்கு உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எப்படிச் சொல்வாள்? அண்ணனுக்கு மேடை இல்லாவிட்டால் மூச்சே நின்றுவிடும் என்று நினைத்தாள். ஓடெல்லாவுக்குக் குழந்தை குட்டி இல்லை, இந்த வண்டிதான் வீடு என்று நினைத்தாள். தன் வாயால் சொன்னால் மூன்று பேருக்கும் தண்டனை. குரல் தானாகப் போனால் யார் மேலும் பழி இல்லை. அந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

நாள்தான் வரவில்லை. தொண்ணூற்றிரண்டில் அவள் புருஷன் கிளியோஃபஸ், பஸ் டிப்போவில் மெக்கானிக், மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடக்கம் முடிந்து பதினோராம் நாள் கிளீவ்லாந்தில் மேடை ஏறினாள். இன்றைக்கு நிச்சயம் எட்டாது என்றுதான் ஏறினாள். எட்டியது! இறங்கி வந்து, “பாத்தீங்களா, அதே சுருதி. கடவுள் இன்னும் விடல” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். புருஷனை நினைத்து அழுகிறாள் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டார்கள். பாதி அதுதான்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம். குரல் தடித்தது, மூச்சு குறைந்தது, மாடிப்படி ஏறினால் இரைத்தது. அந்த உச்சி மட்டும் ஒவ்வொரு தடவையும் எட்டியது. படுக்கப் போகும்போது அவள் ஜெபம் ஒரே வரிதான்: “ஆண்டவரே, இன்னும் எவ்வளவு நாள்?”

ஒரு சனிக்கிழமை காலை அவள் ஜூவலின் கடையில் சுருட்டை முடியை நிமிர்த்த உட்கார்ந்திருந்தாள். ஜூவல் இரும்புச் சீப்பை அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ‘உன் சட்டை ஆணியிலே’ வந்தது.

“அடியே, சத்தத்தைக் கூட்டு! பாடினவ இங்கயே உட்கார்ந்திருக்கா!” என்று ஜூவல் கத்தினாள். “வெர்லீன் அக்கா, உங்களோட நீங்களே சேர்ந்து பாடுங்க, பாப்போம்.”

“போடி, தலை முழுக்க எண்ணெயா இருக்கு.”

“குரல்லயா எண்ணெய்? பாடுங்கக்கா.”

பாடினாள். முதல் அடியிலேயே ஏதோ இடித்தது. தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் ரேடியோ நிற்கவில்லை, ஒருபடி மேலே நின்றது. ஏறி எட்டிப் பிடித்தாள். கடைசியில் ‘திரும்பி வாயேன்’ வந்தது. இருபத்தைந்து வயது வெர்லீன் அநாயாசமாக மேலே போனாள். அறுபத்திரண்டு வயது வெர்லீனுக்குத் தொண்டையில் காற்றுத்தான் வந்தது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் கோயில் முடிந்து ஓடெல்லா வீட்டில் சாப்பாடு. அடுப்பில் கோழி பொரிந்துகொண்டிருந்தது. ஓடெல்லா மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், லூஷியஸ் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லீன் தொப்பியைக் கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“அண்ணே, ரேடியோவுல என் பாட்டு ஏன் அவ்வளவு மேல நிக்குது?”

லூஷியஸ் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரேடியோக்காரன் தட்டை வேகமா ஓட்டுவான். விளம்பரம் போட நேரம் வேணும்ல.”

“எல்லா ரேடியோவுமா?”

“காசுன்னா எல்லாரும்தான்.”

ஓடெல்லா நல்ல இலையைக் குப்பையிலும் தண்டைப் பாத்திரத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள். வெர்லீன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஓடெல்லா, நீ சொல்லு.”

“எனக்கென்னக்கா தெரியும்? நான் பின்பாட்டு.”

“என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

ஓடெல்லாவுக்குப் பொய் சொல்ல வராது. பிறவியிலேயே வராது. கீரையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். “நான் அப்பவே சொன்னேன்கா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு. அண்ணன்தான் கேக்கல.”

குட்டு உடைந்தது. கிளீவ்லாந்தில்தான் முதல் தடவை. புருஷனைப் புதைத்துப் பதினோரு நாளில் வந்து நிற்கிறாள், குரலும் போய்விட்டால் ஆள் தாங்கமாட்டாள் என்று லூஷியஸ் எல்பர்ட்டின் காதில் சொன்னார். சுருதியை அரைக்கட்டை இறக்கினார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான் என்று பேச்சு. இறங்கி வந்து அதே சுருதி என்று அழுகிறவளிடம் எந்த வாயால் சொல்வது? நாலு வருஷம் கழித்து இன்னோர் அரைக்கட்டை, அப்புறம் இன்னொன்று. குரல் எவ்வளவு இறங்கியதோ சுருதியும் கூடவே இறங்கியது. அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இப்போது அவள் பாடுவது நாலு கட்டை.

“உனக்காகத்தான் செஞ்சேன்” என்றார் லூஷியஸ். “பாட்டு இல்லன்னா நீ செத்துருவன்னு நெனைச்சேன்.”

“எனக்காகவா!” வெர்லீன் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தாள். “பதினோரு வருஷமா கடவுளைக் கேட்டுட்டு இருக்கேன். பதில் சொன்னது நீங்களா? கடவுள் பேர்ல கையெழுத்துப் போட உங்களை யாரு விட்டது?”

கோழி தீய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் மில்வாக்கியில், ஏரிக்கரைத் திருவிழா, பிற்பகல் வெயில். மேடையேறும் முன் வெர்லீன் எல்பர்ட்டிடம் போனாள்.

“ஐந்தரையில வை.”

“அக்கா, வேணாம்கா.”

“வைடா.”

எல்பர்ட் லூஷியஸைப் பார்த்தான். லூஷியஸ் தலையசைத்துவிட்டுக் கிதாரைத் திரும்பச் சுருதி கூட்டினார்.

இரண்டு அடி தாக்குப்பிடித்தாள். மூன்றாவதில் மூச்சு இழுத்தது. ‘திரும்பி’ என்று ஏறியவளின் குரல், எல்லோர் முன்னாலும், மண்பானை மாதிரி உடைந்தது. அடுத்த சொல் வரவே இல்லை. வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது. தானாகவே முடிந்தது. இனி உட்காரலாம்.

“நிதானமா எடு தாயி! அவசரமே இல்ல!” என்று கீழிருந்து ஒருத்தி கத்தினாள்.

“சொல்லு அக்கா, சொல்லு!”

கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. கைதட்டல் அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பாவிகள். பாட்டில் உருகித்தான் குரல் உடைந்தது என்று நினைத்துவிட்டார்கள். விழா நடத்துகிறவர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அம்மா, அந்த இடத்துல உடைஞ்சீங்களே, முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு நான் கேட்டதில்ல! அடுத்த வருஷமும் அதே மாதிரி உடையணும், சரியா?”

வெர்லீன் அவரைப் பார்த்தபடி நின்றாள். பதினான்கு வருஷம் காத்திருந்த நாள் வந்தேவிட்டது. அது வந்தும் அவளை உட்காரவைக்கவில்லை.

திரும்பும் வழியில் லூஷியஸ் ஓட்டினார், பக்கத்தில் வெர்லீன். பின்னால் ஓடெல்லாவும் எல்பர்ட்டும். முன்னால் போன லாரியையே பார்த்துக்கொண்டிருந்த வெர்லீன் ஏதோ ஒரு கணத்தில் வாயைத் திறந்தாள்.

“அண்ணே.”

“ம்.”

“எனக்குக் களைப்பா இருக்கு.”

வண்டி ஒருகணம் தள்ளாடியது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லாத சொல். பின்னாலிருந்து ஓடெல்லாவின் குரல் கேட்டது, ஆறு வயதுக் குழந்தையின் குரல் போல.

“போச்சு போ. இனி எல்லாரும் முதல்லேருந்து பாடணும்.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. லூஷியஸ் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். சிரித்துக்கொண்டிருந்தவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு இடதுகையை நீட்டிக் காட்டினார். விரல்கள் பாதிக்குமேல் மடங்கவில்லை.

“ஒம்பது வருஷமா இப்படித்தான். நீ பாடற வரைக்கும் வாசிக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நான் கிளீவ்லாந்துக்கு முன்னாடியே” என்றாள் ஓடெல்லா. “பாதி நாள் வாயை மட்டும்தான் அசைப்பேன். உங்களுக்கெல்லாம் பாட்டுன்னா உசுராச்சேன்னு வந்தேன்.”

வெர்லீன் அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

“அப்ப இத்தனை வருஷம் யாருக்காக ஓடினோம்?”

லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின, ஒவ்வொரு தடவையும் வண்டி குலுங்கியது. லூஷியஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அடுத்த மாசம் இண்டியானாபொலிஸ்ல ஒத்துக்கிட்டிருக்கோமே. அவங்ககிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்றேன்” என்றாள் வெர்லீன். “எனக்கு இப்ப சொல்ல வந்துடுச்சு.”