ஓவர் த மூன்

ஓட்டலின் சலவை அறையில் வேலை செய்த இஸ்திரி அக்காவும் அவள் தோழி சுருட்டையும் மாலையில் ஒன்றாக ஆங்கில வகுப்புக்குப் போவார்கள். ஓட்டல் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுப்பது அக்காவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் சுருட்டையிடம் மட்டும் சொன்னாள். "நீங்க எழுதிப் போடுங்கக்கா, நான் போட மாட்டேன்" என்று சுருட்டை கையில் அடித்துச் சொன்னாள். அக்காவும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள்.

அன்றைய பாடம், சந்தோஷத்தைச் சொல்லும் ஆங்கில வழக்குகள்.

"ஓவர் த மூன்னா, சந்தோஷத்துல நிலாவுக்கும் மேல போயிட்டேன்னு அர்த்தம். உங்களுக்கு நடந்ததை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றார் ஆசிரியை.

சுருட்டை துள்ளி எழுந்தாள். வரவேற்பு மேசை வேலை கிடைத்ததால் தான் ஓவர் த மூன் என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பே கைதட்டியது. பக்கத்தில் இருப்பது யார் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, நானே சொல்லலாம்னுதான்..." என்று இழுத்தாள்.

அக்கா தன் நோட்டை அவள் பக்கமிருந்து நகர்த்திக்கொண்டாள். அடுத்து ஆசிரியை அக்காவுக்கு, அதே பொருள் தரும் 'ஆன் க்ளவுட் நைன்' கொடுத்தார்.

"எனக்கு அப்படி எதுவும் நடக்கலை, டீச்சர்."

"சும்மா கற்பனையா சொல்லுங்களேன்."

"பொய் சொல்ல வராது" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள்.

மறுநாளும் வகுப்புக்கு வந்தாள். வழக்கமாகச் சுருட்டைக்காகப் பிடித்து வைக்கும் இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள்; சுருட்டை வந்து நின்றபோதும் அதை எடுக்கவில்லை.