அக்காவும் பண்ணை வீட்டு இசைத்தட்டுகளும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுமுறையாருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அச்சகத்துத் தம்பி, "விவரத்தை மட்டும் சொல்லுங்க ஐயா, நாங்க அழகா எழுதிப் போட்டுடுறோம்" என்றார். வேண்டாம் என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் மன்னார்குடியிலிருந்து சீர்காழி வரைக்கும் நான் ஏறி ஹாரன் குழாய் கட்டாத தென்னை மரம் கிடையாது. ஒற்றை ஹாரனை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பியவன், இன்று நாலு லாரி சாமான் வைத்திருக்கிறேன். மந்திரிமார்கள் என் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். என் அக்காவைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு ஆள் தேவையில்லை. தவிரவும், நான் எழுதப்போவதை யாரும் அழகாக எழுதிவிடக் கூடாது.

அக்கா பிறந்தது குடவாசலுக்குத் தெற்கே, வெட்டாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊரில். அப்பா பெரிய பண்ணையின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். இருபது வருடம் உழுதும், யார் சாகுபடி என்று ஊர்க் கணக்கில் எழுதும் அடங்கலில் அவர் பெயர் ஏறவில்லை. ஒரு வருடம் மகசூல் குறைந்தது, அடுத்த வருடம் நிலத்தில் இறங்காதே என்றார்கள். அந்த ஏக்கத்திலேயே அப்பா போய்விட்டார். அம்மா நடவுக்குப் போனார்கள், நான் மைக் செட்டுக்காரர் ஒருவரிடம் மரம் ஏறப் போனேன். அக்காவை மட்டும் அம்மா விடாப்பிடியாக எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே பெண் அக்காதான்.

அக்காவின் காது பெரிய காது. நான் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது வீட்டு வாசலில் ஹாரனைப் போட்டுச் சோதிப்பேன். அடுப்படியில் இருந்தபடியே, "டேய், இடது பக்கத்துக் குழாய் கிழிஞ்சிருக்கு" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே தகடு கிழிந்திருக்கும். 'இவன் செட்டு போட்டா கடைசி வரிசைக்கும் வார்த்தை உடையாம வரும்' என்று எனக்கு வந்த பேரெல்லாம் அந்தக் காது கொடுத்தது. நானாகவே கற்றுக்கொண்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதுவும் தப்புதான். ஆனால் பெரிய தப்பு வேறு.

பெரிய பண்ணை வீட்டில் ஒரு கல்யாணம். எனக்கு முதல் பெரிய வேலை. முகூர்த்தம் முடிந்து மத்தியானம் ஒயர் சுற்றும்போது, மாடி அறை ஒன்றில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளைப் பார்த்தேன். என்னிடம் அப்போது நாலே நாலு தட்டுதான். எல்லாம் சினிமாப் பாட்டு என்று நினைத்து, ஒயர்ச் சாக்குக்குள் பெட்டியை வைத்து எடுத்து வந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அக்காவிடம், "காரியஸ்தர் கழிச்சுப் போட்டதைக் குடுத்தாருக்கா" என்றேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒன்றில்கூடப் பாட்டு இல்லை.

"என்னக்கா இது, தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி இருக்கு?"

"செத்த சும்மா இருடா. அடியில ஒருத்தர் ஒரே சீரா வாசிச்சுக்கிட்டே இருக்காரு பாரு, அவரைப் பிடிச்சுக்க. மத்தவங்க எங்க சுத்தினாலும் அவர்கிட்டதான் திரும்பி வராங்க."

அது ஜாஸ் ஃப்யூஷன் என்று அட்டையைப் படித்து அக்காதான் சொன்னார்கள். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் உண்டாக்கிய ஜாஸ் சங்கீதத்தோடு, எலக்ட்ரிக் கிடாரையும் வேறு தேசத்து வாத்தியங்களையும் கலந்து வாசிப்பதாம். மொத்தம் ஒன்பது தட்டு. ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் யார் எதை வாசித்தார்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அக்கா அதை நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். எழுதியது என்றால் பட்டியலாக இல்லை, நம் ஊர் வாய்க்கால் வரைபடம் மாதிரி.

"சிவப்பு அட்டையில டிரம் வாசிக்கிறவரு, இதுல தனியா ஒரு கோஷ்டி வச்சிருக்காருடா. அந்தக் கோஷ்டியில கிடார் வாசிச்சவரு பச்சை அட்டையில இருக்காரு. ஒரே ஆத்துத் தலைப்புலேருந்து பிரிஞ்ச வாய்க்கால் எல்லாம்."

பச்சை அட்டைத் தட்டில் ஒருவர் கையால் தோல் வாத்தியம் தட்டுகிறார். நம் பக்கத்துக் கை என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனால் அட்டையில் அவர் பெயர் இல்லை. "வாசிச்சவர் பேரைப் போடாம விட்டுட்டாங்களே, இது என்ன நியாயம்?" என்று ஒரு வாரம் பொருமினார்கள். அப்பா பெயர் அடங்கலில் இல்லாததற்குக்கூட அக்கா அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

கழக ஆட்சி வந்து, கூலிச் சண்டை ஊருக்கு ஊர் பற்றிக்கொண்டிருந்த காலம் அது. அறுவடைக் கூலி பற்றி, மிராசுதாரர்களையும் தொழிலாளர்களையும் ஒரே பந்தலில் உட்கார வைத்துத் தாசில்தார் பேசுவதாக ஏற்பாடு; காவலுக்கு இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் என் மைக் செட். கூட்டம் சேரும்வரை ஏதாவது போட வேண்டும். சிவப்புக் கொடிப் பாட்டுப் போட்டால் மிராசுதாரர்கள் எழுந்து போவார்கள். ஆளுங்கட்சிப் பாட்டுப் போட்டால் இரண்டு பக்கமும் முறைக்கும். சாமி பாட்டுக்கும் ஒருவர் வந்து சண்டை பிடிப்பார். அக்காதான், "வார்த்தையே இல்லாததைப் போடு, எவனும் கோவிச்சுக்க முடியாது" என்று பச்சை அட்டைத் தட்டைக் கொடுத்தனுப்பினார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தக் கூட்டத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

தட்டு பாதிகூட ஓடவில்லை. பெரிய பண்ணையின் மூத்தவர் எழுந்தார்.

"நிறுத்துடா அதை. இந்த இரைச்சலை மாடியில ரெண்டு வருஷம் கேட்டுக் காது புளிச்சவன் நான். இது என் தம்பியோட ரெக்கார்டு. கல்யாணத்துல காணாமப் போன பெட்டி!"

"ஐயா, கூலியைப் பேச வந்தமா, பாட்டுப் பெட்டியைப் பேச வந்தமா?" என்றார் தொழிலாளர் பக்கத்துத் தலைவர்.

"களவாணிக்கு வக்காலத்தா? பார்த்துக்குங்க இன்ஸ்பெக்டர், இவங்க சேர்க்கையே இப்படித்தான்."

அப்போது நெல்லைத் திருடியதாக எத்தனையோ பேர் மேல் வழக்கு இருந்தது. ஸ்டேஷனுக்குப் போனவன் எப்படித் திரும்பி வந்தான் என்பதும் தெரியும். இன்ஸ்பெக்டர் என் சட்டையைப் பிடித்தார். மூத்தவர் பக்கத்திலேயே அவர் தம்பி, மெட்ராசில் படித்துவிட்டு வந்த இளையவர், உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கை காட்டினேன்.

"சின்னய்யாதாங்க எங்க அக்காவுக்குக் குடுத்தாங்க."

இதைச் சொன்னது இந்த வாய்தான். மைக் அணைக்கப்படவில்லை. கடைசி வரிசைக்கும் வார்த்தை உடையாமல் போயிற்று.

இளையவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுத்தால் எனக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "ஆமா. நான்தான் குடுத்தேன்" என்றார்.

"எதுக்குடா குடுத்தே?" என்றார் மூத்தவர்.

பந்தலின் பின்பக்கத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு பலர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே என் சட்டையை விட்டார்.

கூலிப் பேச்சு அடுத்த வாரம் நல்லபடியாக முடிந்தது. எங்கள் வீட்டில்தான் ஒன்றும் நல்லபடியாக முடியவில்லை. அக்காவுக்குச் சீர்காழிப் பக்கத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி, நிச்சயத் தாம்பூலத் தட்டு மாற்ற நாள் குறித்திருந்தோம். இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பண்ணை வீட்டுலேருந்து பொண்ணுக்கு இசைத்தட்டு வந்துச்சாமே?" என்று கேட்டார்கள். அம்மா அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். இல்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். அக்கா சொல்லவில்லை. அதன் பிறகு எந்த வரனும் எங்கள் தெருவுக்குள் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை கேட்டார்கள்.

"நீதான் எடுத்தியா?"

"ஆமாங்கா."

பெட்டியைத் திறந்து தட்டுகளை எண்ணினார்கள். பிறகு, "எல்லாத்தையும் எடுத்தியா, இன்னும் அங்க இருந்துச்சா?" என்றார்கள்.

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இளையவர் அந்த வருடமே மெட்ராசுக்குப் போனவர்தான், பிறகு வரவில்லை. பெட்டியை யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. உறவுமுறையார் அத்தனை பேரும் தெரிந்துகொள்ளுங்கள்: அக்கா அந்த மனிதரோடு வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் கல்யாண வீடுகளில் அக்கா எழுந்து போனதும் பேசிக்கொண்டதெல்லாம் என் பொய்யைத்தான்.

பிறகு அக்கா சத்துணவு அமைப்பாளர் ஆனார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறிய பிறகுதான் தான் சாப்பிடுவார்கள். நான் ஆம்ப்ளிஃபையர் சாமான் வாங்க மெட்ராசுக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் ஒரு சீட்டில் பெயர்கள் எழுதிக் கொடுப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பழைய தட்டுக் கடையில் உட்கார்ந்து, சீட்டிலுள்ள எழுத்தையும் அட்டையிலுள்ள எழுத்தையும் படம் பார்ப்பது மாதிரி ஒத்துப் பார்ப்பேன். கடைக்காரர், "பெரியவரே, இதையெல்லாம் நீங்களா கேக்குறீங்க?" என்று சிரிப்பார். "என் வீட்டுல இதைக் கேக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்பேன். அப்படி வந்த தட்டு ஒன்றில்தான் அந்தத் தோல் வாத்தியக்காரரின் பெயர் கிடைத்தது. அதே கைதானா என்று மூன்று நாள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பிறகு பழைய பச்சை அட்டையை எடுத்து, பின்பக்கத்தில் கடைசி வரிக்குக் கீழே அந்தப் பெயரை மையால் எழுதினார்கள்.

"இத்தனை வருஷம் கழிச்சு எழுதி யார் பார்க்கப் போறாங்கக்கா?"

"யாரும் பார்க்க வேண்டாம். இருக்க வேண்டிய இடத்துல இருக்கட்டும்."

என்னை நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னார்கள். எனக்குச் சுட்டது. அப்போதாவது நான் ஊரறிய உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, வியாபாரிகள் சங்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்த சமயம்.

கடைசியில் அக்கா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் மருமகள் போனில் அந்தச் சங்கீதத்தைத் தேடிக் காதோரம் வைத்தாள். ஒன்று முடிந்தால் அதுவாக இன்னொருவரைக் காட்டும். அக்கா சிரித்தார்கள். "நான் இருபது வருஷம் கரையோரமா நடந்து போய்ச் சேர்ந்த இடத்தை இது ஒரு நொடியில காட்டுது. ஆனா நடுவுல யார் யார் இருந்தாங்கன்னு இதுக்குத் தெரியலைம்மா." மூன்றாம் நாள் காலையில் கண் மூடினார்கள்.

என் மனைவி மக்களுக்கும் இதெல்லாம் அச்சில் பார்க்கும்போதுதான் தெரியும். திட்டுகிறவர்கள் வீட்டுக்கு வந்து திட்டலாம். நன்றி சொல்வது முறை. அக்கா படித்த அட்டைகளின் பின்பக்கத்தில் இருப்பது போலவே போடச் சொல்லியிருக்கிறேன்.

படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் தலை வாரி, சோறூட்டியது: என் மருமகள்.

ஆஸ்பத்திரிக்கு முகம் சுளிக்காமல் வண்டி ஓட்டியது: எங்கள் டிரைவர் செல்வராசு.

பள்ளிக்கூட அடுப்படியில் கடைசி வரை கூட நின்றதும், ஊர்ப் பேச்சை ஒரு நாளும் நம்பாததும்: சமையலர் காளியம்மாள்.

ஒரு திருடனைக் காப்பாற்றப் பொய் சொன்னது: பண்ணை வீட்டு இளையவர்.

என் மைக் செட்டின் சத்தம்: அக்கா.

பெட்டியை எடுத்தது: நான்.