மழிக்காத நெஞ்சு

ஈசீஜீ அறைக்கு வருகிறவர்கள் எதையாவது மறைப்பார்கள். நெஞ்சு வலி இருப்பவர் இல்லை என்பார். வெளிநாட்டுக்குப் போக மெடிக்கல் எடுக்க வந்தவர் தனக்குப் பிறந்ததிலிருந்து காய்ச்சலே வந்ததில்லை என்பார். அதனால் கட்டிலில் படுக்கும் எவரையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை என்று மனைவி ஏசுகிறாள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ரிஸ்வானின் கதையை எழுதுகிறேன்.

ரிஸ்வான் கற்பிட்டிப் பக்கத்து ஆள். குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன். அதற்கு முன் ஈசீஜீ எடுக்க வந்தார். நெஞ்சு நிறைய மயிர், மெஷினின் உறிஞ்சு குமிழ்கள் தோலில் ஒட்டவில்லை. ரேசரை எடுத்துத் திட்டுத் திட்டாக மழித்துவிட்டு எடுத்தேன்.

தாளைப் பார்த்த மயக்க மருந்து டொக்டருக்கு முகம் மாறிவிட்டது. இதயம் ஒருமுறை துடித்து, அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரத்தை க்யூடீ என்று அளப்போம். ரிஸ்வானுக்கு அது நீண்டிருந்தது. அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் சில மருந்துகளைக் கொடுத்தால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம்.

"உங்கட குடும்பத்தில ஆராவது வருத்தம் வந்து திடீரெண்டு மவுத்தாகினாங்களா?" என்று நோயால் வந்த சாவுகளைப் பற்றி டொக்டர் கேட்டார்.

கூட வந்திருந்த உம்மா முந்திக்கொண்டார். "அப்படி ஒருத்தரும் இல்ல டொக்டர்."

கேள்வி முடியுமுன்பே வந்த பதில். இந்த மனுஷி பொய் சொல்கிறார் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

இரத்தம் சோதிக்கவும் மறுநாள் இன்னொரு ஈசீஜீ எடுக்கவும் டொக்டர் எழுதினார். மறுநாள் வந்தவர் அதே உயரம், அதே தாடி. தடிமன், சளி என்று முகத்தில் மாஸ்க். சேர்ட்டைக் கழற்றினார். நெஞ்சு முழுக்க மயிர். நேற்று நான் மழித்த இடங்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

"என்ன தம்பி, ஒரே ராவில இவ்வளவு முளைச்சிட்டா?"

அவர் சேர்ட்டை இழுத்து நெஞ்சை மூடப் பார்த்தார்.

"நீங்க ஆரு?"

"ரிஸ்வான்ட தம்பி, ரிழா. ஒப்பரேஷனை நிப்பாட்டிருவாங்க எண்டு உம்மா பயந்துட்டா. எங்கட மூத்தவர், நானா, வலியில துடிக்கிறார். நான் கடலட்டை பிடிக்க முத்துக்குளிக்கிற மாதிரி மூச்சடக்கி இறங்குறவன், என்ட நெஞ்சு நல்லாத்தான் வேலை செய்யும். எடுங்க நானா."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இவருடைய தாளை நம்பி அவருக்கு மயக்கம் கொடுத்திருந்தால் ஜனாஸாதான் வீட்டுக்குப் போயிருக்கும். வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிக்கொண்டே அவரையும் மழித்து, ரிழாவின் பெயரை எழுதி ஒன்று எடுத்தேன். ஆள்மாறாட்டத்தை டொக்டருக்குக் காட்ட, நேற்றையதற்கு மாறான ஒரு தாள் வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

தாள் மாறவில்லை. க்யூடீ அதே நீளம், சொல்லப்போனால் கொஞ்சம் கூடத்தான். இப்போது மெஷினைச் சந்தேகப்பட்டேன். வேலைக்கு நின்ற அட்டென்டனைப் படுக்கவைத்து எடுத்துப் பார்த்தேன். அவருக்கு ஒழுங்காகவே வந்தது.

டொக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரிழாவைப் பார்த்து, "ஏமாத்த வந்ததால நீங்க தப்பினீங்க" என்றார். "இது பிறப்பிலேயே குடும்பத்தில வாறது. நீந்தக்குள்ளதான் கூட ஆபத்து. இனிக் கடலுக்குள்ள இறங்கவே கூடாது."

"தண்ணிக்குள்ள ரெண்டு தரம் கண் இருட்டினது டொக்டர். மூச்சுப் பத்தல்ல எண்டு நினைச்சேன்." ரிழாவின் குரல் இறங்கிவிட்டது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா உள்ளே வந்தார். டொக்டர் அவரை உட்காரவைத்து, "தண்ணியில மவுத்தானவங்க ஆரும் இரிக்காங்களா உம்மா?" என்று கேட்டார்.

"என்ட தம்பி. இடுப்பளவு தண்ணியில."

"நேத்து ஏன் இல்லையெண்டு சொன்னீங்க?"

"அது வருத்தமில்லையே டொக்டர். அது கொலை. அவனோட தோணியில போன ஹமீதுதான் தண்ணிக்குள்ள அமத்திக் கொன்னவன். முந்தின நாள் ரெண்டு பேரும் வலைக்குச் சண்டை பிடிச்சவங்க. நீச்சல் தெரிஞ்சவன் இடுப்பளவு தண்ணியில மவுத்தாவானா?"

நான் நினைத்ததுபோல அவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு நான் வருத்தத்தை மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. மூழ்கினவர், சைக்கிளோடு விழுந்தவர், இன்னொருவர் மேல் பழி சொல்லப்பட்ட மவுத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதி டொக்டரிடம் கொடுப்பேன். நீங்களும் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கி, மருந்துகளைப் பார்த்துத் தேர்ந்து, பிறகு ரிஸ்வானுக்கு ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரிழா முறுக்கிக்கொண்டுதான் கரை வேலைக்கு மாறினார்.

உம்மாவுக்கு நர்ஸ் மிஸ் ஒருவர் ஈசீஜீ எடுத்தார். அவருக்கும் அதேதான். தாளை வாங்க வந்த உம்மா என் முன்னால் நின்றார்.

"அப்ப ஹமீது?"

செத்தவருக்கு ஈசீஜீ எடுக்க முடியாது. உங்கள் தம்பியின் இதயமே நின்றிருக்கலாம், ஆனால் உறுதியாக ஒன்றும் சொல்ல ஏலாது என்றேன். ஹமீது இப்போதும் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஓம். பக்கத்துத் தெரு. என்னைக் கண்டா இண்டைக்கும் சலாம் சொல்வார்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தம்பி மவுத்தான நாள்ல இருந்து ஒருதரமும் நான் பதில் சொல்லல்ல."