இழுத்தால் கிட்ட, தள்ளினால் தூர

பிள்ளைகளே, இந்த ஊரில் மனிதரோடு பழகுவதைக்கூடக் காந்தம் வைத்துச் சோதிக்கிறார்கள். லண்டனில் நான் வேலை செய்யும் கடைக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கு ஆட்கள் தேவையென்றார்கள், போனேன். ஹெலன் என்ற ஆய்வுக்காரப் பெண் தலை அசையாதபடி என் நாடியை ஒரு தாங்கியில் வைத்து இறுக்கி, காந்தச் சுருளொன்றை நெற்றியோரம் பிடித்தாள். டக் டக்கென்று தட்டியது, நோகவில்லை. சிலர் மற்றவரை நாடிப் போவதும் சிலர் ஒதுங்குவதும் மூளையில் எப்படி நடக்கிறதென்று பார்க்கிறார்களாம். பிறகு திரையில் முகங்கள் வரும். கைப்பிடியை இழுத்தால் முகம் கிட்ட வரும், தள்ளினால் தூரப் போகும்.

முதல் முகத்தைக் கண்டதும் கைப்பிடியை விட்டுவிட்டேன். "இவரை எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரிந்திருக்கத் தேவையில்லை" என்று சிரித்தாள். "தலையை மட்டும் அசைக்காதீர்கள்."

அவளுக்கு எங்கே விளங்கும்? கொழும்பில் இருந்தபோது, வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் பொலிஸ்காரர் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரு தலையாட்டி. அவன் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறானோ, அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். இப்போது அவனுடைய கதிரையில் நான் இருப்பதுபோலக் கிடந்தது.

அன்றைக்கு மேல்வீட்டு அன்ரனி மாமாதான், கொட்டாஞ்சேனையில் பிறந்து சிங்களவரோடு வளர்ந்தவர் அல்லவா, தானாகவே பொலிஸ்காரரிடம் போனார். "அய்யே, இவர் எங்கட வீட்டு ஆள்" என்று சிங்களத்தில் சொல்லி, ஏதோ பகிடியும் விட்டார். அவர்கள் சிரித்து என்னை விட்டுவிட்டார்கள்.

"என்ன ஐசே, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு நிண்டா என்ன? உம்மட மூஞ்சியைப் பாத்தா எனக்கே சந்தேகம் வருது" என்றார் வழியில்.

நன்றி சொல்லவேண்டிய வாயை, அவரைப்போல் எனக்குச் சிரிக்க வராதே என்ற பொறாமை அடைத்துவிட்டது. இன்றும் அது போகவில்லை. விசா வரும்வரை அம்மாவும் நீங்களும் அங்கேதான், அவர் வீட்டுக்குக் கீழே. தொலைபேசி எடுத்தால் அன்ரனி மாமா கதைதான். "அப்பா, மாமா எங்களைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர், இறால் வச்ச இஸ்ஸோ வடை வாங்கித் தந்தவர்" என்கிறாள் துஷி. நான் புறப்படும்போது தொட்டிலில் கிடந்த தம்பி போன கிழமை கேட்டான்: "அப்பா, நீங்களும் அன்ரனி மாமா மாதிரிச் சிரிப்பீங்களோ?"

"ஓம்" என்றேன்.

திரையில் தடித்த மீசையோடு, பல் தெரியச் சிரித்தபடி ஒரு முகம் வந்தது. அவரேதான் என்று சொல்லலாம். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினேன். முகம் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே அந்த ஆளின் தோளில்தான் தம்பி. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டல்லவா துஷி காலி வீதியைக் கடக்கிறாள். அவரைத் தள்ளினால் நீங்களும் தூரப் போகிறீர்கள்.

கைப்பிடியை இழுத்தேன். முகம் திரை முழுக்க வந்து நின்றது.

"இவரைத் தெரியுமா?" என்றாள் ஹெலன்.

ஓமென்று தலையாட்டப் பார்த்தேன். தாங்கி விடவில்லை. கைப்பிடியைத் தளர்த்தாமல், அந்தச் சிரிப்பை என் பக்கம் இழுத்துப் பிடித்தபடியே இருந்தேன்.